ஆன்டி வைரஸுக்கு மார்க் போடுவது யார்?

விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மல்லாட்டை மூட்டைகள் வந்து குவியும் நாட்களில் அங்கே சற்று நேரம் நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. மூட்டையின் வாயில் தெரியும் காயைப் பார்த்து எந்த வியாபாரியும் விலை எழுதிவிடுவதில்லை. கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, நாலு காயை உடைத்துப் பருப்பை நசுக்கிப் பார்த்த பிறகே சீட்டில் விலை விழும். விவசாயியும் லேசுப்பட்டவர் அல்ல. எடை போடும் தராசில் சர்க்கார் முத்திரை இருக்கிறதா, அது எந்த வருஷத்து முத்திரை என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். அதற்குப் பிறகுதான் பேரம்.

அதே விவசாயியின் பிள்ளை கல்லூரிப் படிப்புக்காக லாப்டாப் வாங்கிக்கொண்டு, விழுப்புரம் நேருஜி சாலையிலோ திண்டிவனம் நேரு வீதியிலோ ஒரு கம்ப்யூட்டர் கடையில் ஏறும்போது நடக்கும் பேரமே வேறு.

"அண்ணே, ஆன்டி வைரஸ் எது நல்லா இருக்கும்?"

"இதை எடுத்துக்கோ தம்பி. ஃபைவ் ஸ்டார் ரேட்டிங். வெளிநாட்டு சர்ட்டிபிகேட் எல்லாம் இருக்கு, பாரு."

பெட்டியின் மேல் தங்க நிறத்தில் ஒரு பதக்கம் மின்னுகிறது. தம்பி பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, ஒரு வருஷக் கவலை தீர்ந்தது என்று வீடு திரும்புகிறார். அந்தப் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்க்க வழியில்லை. மின்விசிறி நின்றுபோனால் வியர்வை சொல்லிவிடும். மிக்ஸி பழுதானால் சட்னி சொல்லிவிடும். வைரஸ் தடுப்பு மென்பொருள் வேலை செய்யவில்லை என்பதோ, ஃபைல்கள் பூட்டப்பட்ட பிறகு அல்லது வங்கிக் கணக்கு காலியான பிறகுதான் தெரிய வருகிறது. ஆகவே, இந்தச் சரக்கைப் பொறுத்தவரை பதக்கம் கொடுத்தவர் யார், எதைப் பார்த்துக் கொடுத்தார் என்பதே பெரிய கேள்வியாகிவிடுகிறது.

பரீட்சை நடக்கும் ஊர்கள்

வீட்டு உபயோகத்துக்கான வைரஸ் தடுப்பு மென்பொருள்களைப் பரீட்சித்து மார்க் போடும் ஸ்தாபனங்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக் கூடியவை. ஆஸ்திரியாவின் மலையடிவார நகரமான இன்ஸ்ப்ரூக்கில் ஏ.வி. கம்பேரடிவ்ஸ், ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் ஏ.வி. டெஸ்ட், இங்கிலாந்தில் வைரஸ் புல்லட்டின், எஸ்.இ. லாப்ஸ். பெட்டிகளில் காணும் உருப்படியான பதக்கங்களில் பெரும்பாலானவை இந்த நாலில் ஒன்றிலிருந்து வந்தவையாகவே இருக்கும்.

இதில் நம்மவர்களுக்கு ஒரு வேடிக்கை உண்டு. சென்னையில் திரு. கேசவர்தனன் 1991-ல் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங்கின் மென்பொருள் ஜப்பான் வரை விற்பனையாகியிருக்கிறது. கட்கர் சகோதரர்களின் குவிக் ஹீல் புனேயில் பிறந்தது. இரண்டும் நம் ஊர்க் கடைகளில் தாராளமாகக் கிடைப்பவை. ஆனால் சென்னையில் எழுதிய மென்பொருள் நல்லதா என்று திண்டிவனத்துக்காரர் தெரிந்துகொள்ள வேண்டுமானால், அது இன்ஸ்ப்ரூக்கும் மாக்டபர்க்கும் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வர வேண்டியிருக்கிறது.

பரீட்சை நடக்கும் விதம் எளிதில் விளங்கக் கூடியதே. ஒரே மாதிரியான கம்ப்யூட்டர்களை வரிசையாக வைக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கம்பெனியின் மென்பொருள், அன்றைய தேதி வரை புதுப்பிக்கப்பட்டு இருக்கும். வைரஸ் பரப்பிக்கொண்டிருக்கும் ஒரே இணைய முகவரிக்கு எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் அனுப்புகிறார்கள். வாசலிலேயே தடுத்ததா, உள்ளே விட்ட பிறகு பிடித்ததா, ஒன்றும் தெரியாமல் கோட்டை விட்டதா என்று கணக்கு எழுதுகிறார்கள். பிறகு கம்ப்யூட்டர்களைத் துடைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து அடுத்த முகவரிக்கு அனுப்புகிறார்கள். இப்படி நூற்றுக்கணக்கான தடவை.

சில மென்பொருள்கள் சந்தேகம் வந்ததும், "இதை உள்ளே விடலாமா?" என்று உரிமையாளரையே கேட்டுவிடும். இன்ஸ்ப்ரூக்கில் இதற்குப் பாதி மார்க்தான். நியாயம்தான். காவல்காரன் திருடனைப் பிடித்து நிறுத்திவிட்டு, தூங்கும் வீட்டுக்காரரை எழுப்பி, "இவர் திருடரா, உங்கள் மாமாவா?" என்று கேட்டால், பாதித் தூக்கத்தில் அவர் என்ன சொல்வார்?

திருடனைப் பிடிப்பது மட்டும் போதாது. வருவோர் போவோர் எல்லாரையும் பார்த்துக் குரைக்கும் நாயை யாரும் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. ஆகவே யோக்கியமான ஃபைல்களையும் கலந்து கொடுத்து, அவற்றைத் திருடன் என்று கூவுகிறதா என்று பார்க்கிறார்கள். இது வெறும் சம்பிரதாயம் அல்ல. 2010 ஏப்ரல் 21 அன்று மக்காஃபி கம்பெனி அனுப்பிய ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான ஒரு ஃபைலை வைரஸ் என்று எண்ணி அகற்றப் போக, பல நாடுகளில் கம்ப்யூட்டர்கள் தொடங்குவதும் அணைவதுமாகத் தத்தளித்தன. அன்று வைரஸ் செய்யாத வேலையை மருந்து செய்தது.

மூன்றாவது, வேகம். காவல் பலமாக இருந்தாலும், ஒரு ஃபைலைத் திறக்க ஒரு டம்ளர் டீ குடித்து முடிக்கும் நேரம் ஆனால் என்ன பிரயோஜனம்? மாக்டபர்க்கில் பாதுகாப்புக்கு 6, வேகத்துக்கு 6, பொய்க் கூச்சல் போடாமல் இருப்பதற்கு 6 என்று மொத்தம் 18 புள்ளிகள். இங்கேதான் நம் ஜில்லா வாசகர்கள் சற்று நிதானிக்க வேண்டும். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. அப்போது கொடுத்த 2 ஜி.பி. நினைவகம் கொண்ட கணினிகளில் சில இன்றும் தம்பி தங்கைகளின் கையில் உயிரோடு இருக்கின்றன. ஐரோப்பியப் பரிசோதனைக் கூடத்தில் சாதாரணக் கம்ப்யூட்டர் என்று வைத்திருப்பது, இவற்றுக்குப் பக்கத்தில் பந்தயக் குதிரை. அங்கே வாங்கிய 6-க்கு 6 இங்கே என்ன ஆகும் என்பதை அந்தப் பதக்கம் சொல்லாது.

தசமப் புள்ளி மயக்கம்

கடைகளில் அடிக்கடி கேட்கும் வாதம் ஒன்று உண்டு. "அது 99.2, இது 99.7. இதுதான் ஒசத்தி." கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 400 வைரஸ்களைக் கொண்டு பரீட்சை நடந்தது என்று வைத்துக்கொள்வோம். 99.25 சதவிகிதம் வாங்கியது 3-ஐத் தவறவிட்டது, 99.75 வாங்கியது 1-ஐத் தவறவிட்டது. வித்தியாசம் 2. அடுத்த மாதம் வேறு 400 வைரஸ்களை எடுத்தால் இருவரும் இடம் மாறி உட்காரலாம். மாக்டபர்க் ஸ்தாபனம் தரும் கணக்கின்படி ஒவ்வொரு நாளும் 4,50,000-க்கு மேல் புதிய தீய நிரல்கள் பதிவாகின்றன. அந்தச் சமுத்திரத்தில் மொண்டெடுத்த ஒரு சொம்புத் தண்ணீர்தான் இந்த 400. ஏறக்குறைய ஒரே மார்க் வாங்கியவர்களை ஒரே வகுப்பில் உட்கார வைத்துத்தான் இன்ஸ்ப்ரூக்கிலும் விருது கொடுக்கிறார்கள். முதல் ராங்க், இரண்டாம் ராங்க் என்று பிரித்து மோளம் கொட்டுவது விளம்பரக்காரர்களின் கைங்கரியம்.

தசமப் புள்ளியை விடப் பெரிய விஷயம் வருஷம். மைக்ரோசாப்ட் தன் விண்டோஸுக்கு இலவசமாகக் கொடுத்த வைரஸ் தடுப்பு, 2012-ம் ஆண்டு இறுதியில் மாக்டபர்க்கில் தேறாமல் சான்றிதழை இழந்தது. அதன் வாரிசான டிஃபெண்டர் 2019-ல் அதே கூடத்தில் 18-க்கு 18 வாங்கிற்று. 2012-ல் கடைக்காரர், "விண்டோஸில் சும்மா வருவதை நம்பாதே" என்று சொல்லியிருந்தால் அது நல்ல புத்திமதி. அதையே இன்றும் சொன்னால், அவர் பழைய வினாத்தாளுக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றுதான் அர்த்தம். இன்றைய விண்டோஸ் லாப்டாப் வாங்கும் மாணவருக்கு, மார்க் வாங்கிய ஒரு காவல்காரன் பைசா செலவில்லாமல் ஏற்கெனவே வாசலில் நிற்கிறான். கூடுதலாக ஒருவனை வைப்பது அவரவர் விருப்பம், கட்டாயம் அல்ல.

விண்டோஸுக்கும் ஆயுள் உண்டு. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியில் நின்றன. விண்டோஸ் 10-க்கான சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. சுவர் இடிந்த வீட்டுக்கு எத்தனை நட்சத்திரப் பூட்டு வாங்கி மாட்டினாலும் திருடன் சுவர் வழியாகவே வருவான்.

மேல் மூட்டை வேறு, அடி மூட்டை வேறு

பரீட்சை நேர்மையாக நடந்தாலும், பரீட்சைக்கு வந்த சரக்கும் கடைக்கு வந்த சரக்கும் ஒன்றுதானா? 2015 ஏப்ரல் இறுதியில் இந்தக் கேள்வி வெடித்தது. சீனாவின் கீஹூ 360 கம்பெனி பரிசோதனைக் கூடங்களுக்கு அனுப்பிய மென்பொருளில், ருமேனியாவின் பிட்டிஃபெண்டர் கம்பெனி செய்த இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சீனாவில் சாமானிய ஜனங்கள் இறக்கிக்கொண்ட அதே பெயர் மென்பொருளில் அந்த இயந்திரம் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கீஹூவின் சொந்த இயந்திரமே வேலை செய்தது. பரீட்சை எழுதியது ஒருவர், வேலைக்கு வந்து சேர்ந்தவர் வேறொருவர்! ஏ.வி. கம்பேரடிவ்ஸ், ஏ.வி. டெஸ்ட், வைரஸ் புல்லட்டின் மூன்றும் சேர்ந்து அறிக்கை விட்டு, அந்த வருஷம் கீஹூவுக்குக் கொடுத்திருந்த விருதுகளைப் பறித்தன. சில நாட்களில், பரீட்சையில் மட்டும் வேகமாகத் தோன்றும்படி தன் மென்பொருளில் ஏற்பாடு செய்துவைத்ததாக டென்சென்ட் என்னும் இன்னொரு சீனக் கம்பெனியின் விருதுகளும் பறிபோயின.

விழுப்புரத்து வியாபாரி ஏன் மூட்டையின் அடியிலிருந்து காயை அள்ளுகிறார் என்பது இந்த இடத்தில் விளங்கும். மாதிரியை விற்பவர் எடுத்துக் கொடுத்தால் மேல் காய்தான் வரும்.

அமெரிக்காவில் 1936-லிருந்து வெளிவரும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை இதனால்தான் விளம்பரம் வாங்குவதில்லை. சோதிக்கும் பொருளைக் கடையில் சொந்தப் பணத்தில் வாங்குகிறது. 2006-ல் அந்தப் பத்திரிகை வைரஸ் தடுப்பு மென்பொருள்களைச் சோதிக்கப் புறப்பட்டபோது ஒரு பெரிய சண்டையே மூண்டது. அதுவரை பல பரீட்சைகள், 1993-ல் ஜோ வெல்ஸ் என்பவர் தொடங்கிய "வைல்ட்லிஸ்ட்" என்ற பட்டியலை ஆதாரமாகக் கொண்டு நடந்தன. ஊரில் உலவுவதாக உறுதியான வைரஸ்களின் ஜாபிதா அது. வைரஸ் புல்லட்டின் 1998-ல் ஆரம்பித்த வி.பி.100 முத்திரைக்கு, அந்த ஜாபிதாவில் உள்ளதெல்லாம் பிடிபட வேண்டும், பொய்க் கூச்சல் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது விதி. கேட்பதற்குக் கடுமையாகத்தான் இருந்தது. ஆனால் கம்பெனிகளுக்கும் அந்த ஜாபிதா தெரியும். வினாத்தாள் முன்கூட்டியே கைக்கு வந்த பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்குவது என்ன அதிசயம்?

கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், யாருக்கும் தெரியாத வினாத்தாள் தயாரிக்க எண்ணி, பழைய வைரஸ்களைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி 5,500 புது வடிவங்களைச் செய்யச் செய்தது. வைரஸ் தடுப்புக் கம்பெனிகள் கொதித்தெழுந்தன. உலகத்தில் இருக்கும் வைரஸ் போதாதென்று நீங்கள் வேறு செய்கிறீர்களா என்று கேட்டன. அந்தக் கேள்வியில் தர்மம் இருக்கிறது; கொஞ்சம் சுயநலமும் இருக்கிறது. பிறகு, 2008-ல் ஆம்ட்ஸோ என்ற சங்கம் ஏற்பட்டுப் பரீட்சைகளுக்கு ஒழுங்குமுறைகள் வகுத்தது. அதில் பரீட்சகர்களும் பரீட்சை எழுதும் கம்பெனிகளும் ஒருங்கே அங்கத்தினர்கள். பரீட்சைகள் சீர்ப்பட்டது உண்மை. வாங்குபவருக்கு அந்தப் பந்தியில் இலை போட்டார்களா என்பது வேறு விஷயம்.

பணம் யார் கொடுக்கிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஐரோப்பியக் கூடங்கள் பொதுவாகக் கம்பெனிகளிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு பரீட்சை நடத்தி, முடிவை ஜனங்களுக்கு இலவசமாக வெளியிடுகின்றன. கட்டணம் கட்டியவர் எல்லாரும் தேறுவதில்லை என்பது அவற்றின் பெருமை. கட்டாதவர் பெயர் பட்டியலில் வராமலே போகலாம் என்பது அதன் குறை. பட்டியலில் இல்லாத மென்பொருள் மட்டம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. இவர்களாவது கட்டணத்தை ஒப்புக்கொள்கிறார்கள். இணையத்தில் உலவும் "தலைசிறந்த பத்து" ஜாபிதாக்களில் பல, விற்பனைக்கு இவ்வளவு கமிஷன் என்று பேசிக்கொண்டு எழுதப்படுபவை. இன்டெகோ என்ற வைரஸ் தடுப்பைத் தன் கையில் வைத்திருந்த கேப் டெக்னாலஜிஸ் கம்பெனி, 2021-ல் விமர்சன இணையதளங்கள் நடத்தும் ஸ்தாபனம் ஒன்றையே விலைக்கு வாங்கிற்று. கடையும் அவருடையது, தராசும் அவருடையது.

கைக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்

லாப்டாப்பை விடச் செல்போன்தான் இன்று ஜில்லா முழுவதும் புழங்கும் கம்ப்யூட்டர். அங்கே நிலைமை இன்னும் மோசம். 2014 ஏப்ரலில் "வைரஸ் ஷீல்டு" என்ற ஆண்ட்ராய்டு செயலி கூகுளின் கடையில் 3.99 டாலர் விலைக்கு அமோகமாக விற்றது. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் வாங்கினார்கள். வாங்கியவர்கள் போட்ட மதிப்பீடு 5-க்கு 4.7 நட்சத்திரம். பிரித்துப் பார்த்த நிபுணர்கள் திகைத்தார்கள். அந்தச் செயலி செய்த ஒரே வேலை, திரையைத் தொட்டதும் பெருக்கல் குறி போட்ட கேடயப் படத்தை டிக் குறி போட்ட கேடயமாக மாற்றியதுதான். உள்ளே வேறு ஒன்றுமே இல்லை. கூகுள் அதை நீக்கிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

அதைவிட விசித்திரம் 2019-ல் வெளிவந்தது. ஏ.வி. கம்பேரடிவ்ஸ் 250 ஆண்ட்ராய்டு காவல் செயலிகளை எடுத்து, முந்தைய ஆண்டில் பரவலாக இருந்த 2,000 தீய செயலிகளைக் கொண்டு சோதித்தது. நூற்றுக்கு 30-க்கு மேல் பிடித்து, பொய்க் கூச்சலும் போடாமல் இருந்தவை 80 மட்டுமே. நூற்றுக்கு 30 என்பது பள்ளிக்கூடத்தில்கூடத் தேர்ச்சி மார்க் இல்லை. மீதியில் சில, செயலியின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. தெரிந்த பெயர்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, அதில் இல்லாததையெல்லாம் ஆபத்து என்றன. அவற்றில் சில தங்கள் பெயரையே பட்டியலில் சேர்க்க மறந்து, தங்களையே ஆபத்து என்று காட்டிக்கொடுத்தன!

வாங்கியவர்கள் போடும் நட்சத்திரம் இதற்கு மேல் எதைச் சொல்லும்? ஹோட்டலில் இட்லி சாப்பிட்டவர் இட்லியைப் பற்றிச் சொல்லலாம். வராத திருடனைக் காவல்காரன் பிடித்திருப்பானா என்று வீட்டுக்காரர் எப்படிச் சொல்வார்? செயலி அழகாக இருந்தது, போன் சூடாகவில்லை என்பதற்கு மேல் அந்த நட்சத்திரங்களுக்குப் பொருள் இல்லை.

நிபுணர்களின் பதக்கமும் அளக்காத சங்கதிகள் உண்டு. பரீட்சைகளில் நல்ல பெயர் வாங்கிவந்த அவாஸ்ட் கம்பெனி, தன்னை நம்பியவர்கள் எந்தெந்த இணையதளங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணைக் கம்பெனி மூலம் விற்றது 2020-ல் அம்பலமானது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024-ல் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. வைரஸைப் பிடிக்கும் பரீட்சையில் இந்தப் பாடம் இல்லை. அதுபோலவே, கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராதம் என்றும் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. ஃபைலைச் சில நல்ல செயலிகள் தடுக்கக்கூடும். தொலைபேசியில் பாங்கி அதிகாரி போலப் பேசுபவனிடம் ஓ.டி.பி.யைச் சொல்பவரின் வாயை எந்தச் செயலியும் மூடாது. பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930.

இங்கே ஒரு தராசு

பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வீட்டுக்கு வாங்கும் வைரஸ் தடுப்புக்கு அப்படிப்பட்ட முத்திரை இல்லை. மத்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரம், பீடித்த வைரஸை நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது. அது வைத்தியசாலை, தராசு அல்ல. 2022-ல் வந்த விளம்பர நெறிமுறைகளின்படி, ஒரு பொருளைப் பரிந்துரைப்பவர் கம்பெனியோடு தமக்குள்ள பணத் தொடர்பைச் சொல்லியாக வேண்டும். ஏமாற்று விளம்பரம் என்று தோன்றினால் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

முழுப் பரிசோதனைக் கூடம் அமைப்பது பெரும் செலவு. கொடிய வைரஸ்களைப் பூட்டி வைத்துக் கையாளும் பொறுப்பும் பெரிது. ஆனால் எல்லாச் சோதனைக்கும் வைரஸ் வேண்டியதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி விழுப்புரத்திலும் இருக்கிறது, திண்டிவனத்திலும் இருக்கிறது. பத்துப் பழைய மடிக்கணினிகளும் ஒரு கடிகாரமும் இருந்தால், எந்த மென்பொருள் அவற்றை எவ்வளவு மந்தமாக்குகிறது என்பதை ஒரு மாணவர் குழு ஒரு வாரத்தில் அளந்து தமிழில் வெளியிட்டுவிடலாம். மாக்டபர்க்கில் யாரும் அளக்காத கணக்கு அது.

வீட்டிலேயே செய்யக் கூடிய சோதனையும் ஒன்று உண்டு. ஐகார் என்னும் ஐரோப்பியக் கழகத்தின் பெயரால் 68 எழுத்துக்குறிகள் கொண்ட ஒரு வரி இருக்கிறது. அது வைரஸ் அல்ல. எந்தக் கெடுதலும் செய்யாது. ஆனால் உலகத்து வைரஸ் தடுப்புக் கம்பெனிகள் அதைக் கண்டால் வைரஸ் என்றே கூவ வேண்டும் என்று தங்களுக்குள் ஒத்துக்கொண்டிருக்கின்றன. அந்தக் கழகத்தின் இணையதளத்தில் உள்ள வரியை எடுத்து நோட்பேடில் ஒட்டிச் சேமித்தால், விழித்திருக்கும் மென்பொருள் அநேகமாக மறுகணமே பிடித்துக்கொள்ளும். அது எவ்வளவு கெட்டிக்காரத்தனமான காவல்காரன் என்பது இதில் தெரியாது. தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்பது மட்டும் தெரியும். ஒரு சத்தமும் இல்லாமல் ஃபைல் சேமிக்கப்பட்டுவிட்டால், போன வருஷமோ அதற்கு முந்தைய வருஷமோ வாங்கிய அந்தப் பெட்டியைத் தேடி எடுத்து, உரிமம் எந்தத் தேதியோடு முடிந்தது என்று பார்க்க வேண்டியதுதான்.